பிராசஸர் மேல் போட்ட பழி

…இந்த லேப்டாப் பிராசஸரில் பதினாறு கோர், அதில் பத்துதான் என்று கொழுந்தன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வருகிறான், ஏதோ இவன் பெற்றுப்போட்ட பிள்ளைகள் மாதிரி, வாழ்நாளில் ஒரு வரி நிரல் எழுதியிருப்பானா, வீடியோ பார்த்தே பட்டம் வாங்கியவன், அவர் இவனுக்கு வைத்த பெயரே ‘கோர்’தான், கோர் வர்றான், கதவைச் சாத்து என்பார்… அவர் மட்டும் என்ன வாழ்ந்தது, எட்டு மாதம் லேப்டாப் பார்த்தாரே, எட்டு மாதத்தில் ஒரு வீட்டைக் கட்டிக் குடிபோயிருக்கலாம், ஒரு பெட்டியை வாங்க முடியவில்லை அந்த மனுஷனால், இது சூடாகும், அதன் கீபோர்டு கைக்கு ஒட்டாது, அடுத்த தலைமுறை பிராசஸர் வரப்போகிறது, பொறு, பொறு… வந்தாயிற்று, அடுத்த தலைமுறை, கண்ணாடி மேசைமேல் வரிசையாக வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறது, பார்க்கத்தான் அவர் இல்லை. கடைக்கு இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அவளுக்கு அடங்கவில்லை. கடைக்காரன் பக்கத்தில் வந்து, “புரொடக்டிவிட்டிக்கா மேடம், கோடிங்குக்கா?” என்றான். கோடிங் என்றால் வெட்டிவேலை என்று யார் இவனுக்குச் சொன்னது. “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்றாள். “அப்ப கேமிங் மாடல் பாருங்க மேடம், கீபோர்டுல ஏழு கலர் எரியும்.” “எரியட்டும், எனக்கென்ன, பொம்மைக் கடைக்கா வந்திருக்கேன்?” கோர் சிரித்தான், சிரிப்பதற்கு மட்டும் எந்தத் தலைமுறையும் வர வேண்டியதில்லை இவனுக்கு.

திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும். பேருந்து நிறுவனம் ஒன்றுக்கு, எந்த ஓட்டுநர் எந்த நாள் எந்த வண்டி என்று முறை போட்டுக் கொடுக்கும் நிரல், அவர் முக்கால் பங்கு எழுதி வைத்துவிட்டுப் போனது, நானும் இதே தொழில்தான், நானே முடிக்கிறேன் என்று துக்கம் கேட்க வந்த கம்பெனிக்காரரிடமே சொல்லிவிட்டாள், தவறினால் மொத்தத்தையும் தூக்கிப்போட்டு வேறு ஆளை வைத்து முதலிலிருந்து எழுதிக்கொள்வார்கள், அவருடைய ஆறு வருடத்து மூளை குப்பைக்குப் போகும்… ஒரு வரி மாற்றினால் ஓட்டிப் பார்க்க நாலு நிமிஷம், இன்னொரு வரி, இன்னொரு நாலு நிமிஷம், ஒரு நாளைக்கு அறுபது தடவை, எங்கே உருப்படுவது. அவரும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார், “ஓடிக்கிட்டிருக்கு, நாலு நிமிஷம்” என்பார், எழுந்து போய் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார், ஒரே அறை, அவள் மேசைக்கும் அந்த நாற்காலிக்கும் ஆறடி இருக்குமா, “புதுசு வாங்குங்க, இல்ல புலம்புறதை நிறுத்துங்க” என்று திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொல்வாள், “வாங்கிடலாம், இந்தப் பிராசஸர்தான் கழுத்தறுக்குது” என்று மூடிய கண்ணோடு பதில் வரும். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு தொழில்நுட்பமா என்று நினைத்துக்கொள்வாள். நினைத்ததோடு விட்டாளா, சொல்லியும் இருக்கிறாள்.

கைப்பையிலிருந்து சிவப்புக் கயிறு கட்டிய பென் டிரைவை எடுத்தாள், நிரல், அதைக் கட்டித் தரும் கம்பைலர், வீட்டிலும் தினம் அழுத்துகிற, எல்லாவற்றையும் தானே ஓட்டும் ஒரு சின்னக் கோப்பு, எல்லாம் அதற்குள் இருந்தது, எந்தக் கடையிலும் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று அவர் செய்து வைத்தது. கடைக்காரன் கயிற்றைப் பார்த்ததும், “இது அந்த சாரோடது இல்ல? மூணு தடவை வந்தாரே மேடம்” என்றான். ஓட்டிப் பார்த்தாரா? “எங்க மேடம், கையிலயே வெச்சிருப்பாரு, அந்த நாற்காலியில உக்காந்து தண்ணி கேப்பாரு, கொஞ்ச நேரம் கழிச்சு அப்புறமா வர்றேன்னு போயிடுவாரு.” அதுதானே பார்த்தேன், வாங்கவும் மாட்டார், ஓட்டவும் மாட்டார், குளிரூட்டிய கடையில் தண்ணீர் குடித்துவிட்டு வருவார், வீட்டுக்கு வந்து எதுவும் சரியில்லை என்பார்… “சாரு நல்லா இருக்காரா?” “இல்ல” என்றாள். கோர் அவனைக் கண்ணால் அடக்கினான்.

முதல் மெஷினில் நாலு நிமிஷம் பத்தொன்பது வினாடி, கோர் தன் போனில் கணக்குப் பார்த்துச் சொன்னான். இரண்டாவதில் நாலு நிமிஷம் பதினொன்று. இருப்பதிலேயே உயர்ந்தது, இவன் காதலித்த பதினாறு கோர், அதில் நாலு நிமிஷம் எட்டு. “சீ, பதினாறு கோர் இதுக்குத்தானா?” என்றாள். கோர் முகம் செத்துவிட்டது, “அண்ணி, இது இப்படி இருக்கவே முடியாது.” கடைக்காரன் திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான், “மேடம், தப்பா நினைக்காதீங்க, பிராசஸர் சும்மா உக்காந்திருக்கு. ஆரம்பத்துல ஒரு எட்டு செகண்டு உழைச்சுது, அப்புறம் எதுக்கோ காத்துக்கிட்டிருக்கு.” ஏழு கலர் விற்கிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்… ஆனால் மெஷினுக்குள் விசிறி ஓயத்தான் ஓய்ந்திருந்தது, வீட்டுப் பழைய மெஷினில் விசிறி எப்போதும் கத்தும், அதில் எது தெரியும். அந்தச் சின்னக் கோப்பைத் திறந்தாள். இரண்டு வாரமாக அழுத்துகிறாள், ஒருநாளும் திறந்ததில்லை, அவர் எழுதியதில் தப்பு இருக்காது என்று, இதைப் போய் நம்பினாளே. பன்னிரண்டு வரி. கடைசிக்கு முந்திய வரி, இருநூற்று நாற்பது வினாடி காத்திரு. நிரல் கட்டி முடிந்த பிறகு, ஒன்றும் செய்யாமல், காத்திரு.

எதற்கும் பத்தி பத்தியாகக் குறிப்பு எழுதுகிற மனுஷன் இதற்கு மேலே ஒரு தேதியை மட்டும் போட்டிருந்தார். லேப்டாப் பார்க்க ஆரம்பித்ததற்கு நாலு நாள் முன்னால்… அவர் போன அன்றைக்கு டாக்டர் கேட்டாரே, “மாசக்கணக்கா வலி இருந்திருக்கும்மா, ஒரு தடவை கூடவா சொல்லல?” அந்த ஆளை எவ்வளவு கேவலமாகப் பார்த்தாள், செத்த பிறகு கேள்வி கேட்கிற டாக்டர் என்று. புது மெஷின் வந்தால் நாலு நிமிஷத்துக்கு என்ன சாக்கு சொல்வது, அதனால்தான் இது சூடாகும், அது ஒட்டாது, பொறு… யாரிடம் மறைக்க இவ்வளவு ஏற்பாடு, வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதானே. வலி என்று சொன்னால் ஓடி வந்திருக்க மாட்டாளா. பிராசஸர் மேல் பழி போட்டால் நம்புவாள், தன் மேல் போட்டால் கத்துவாள் என்று கணக்குப் போட்டாரா… வலியேதானா, இல்லை, சும்மா கண்ணை மூடிக்கொள்ளவா, அதையாவது எழுதியிருக்கக் கூடாதா.

“அண்ணி, இந்த ஒரு வரியைத் தூக்குனா போதும், வீட்டுப் பழைய மெஷினே பறக்கும்” என்றான் கோர். முதல்முறையாகச் சரியாகச் சொல்கிறான், அதற்கும் இவனை அறைய வேண்டும்போல் இருந்தது. கர்சர் அந்த வரியின் முடிவில் துடித்துக்கொண்டிருந்தது. கோப்பை அப்படியே மூடினாள். “இன்னொரு தடவை ஓட்டு” என்றாள்.

“எதுக்கு அண்ணி, அதான் தெரிஞ்சிடுச்சே…”

“ஓட்டுடா.”

போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைக்காரன் கேட்காமலேயே தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். எட்டு வினாடியில் விசிறி ஓய்ந்தது. சாய்ந்து கண்ணை மூடினாள், நாலு நிமிஷம் இவ்வளவு நீளமா, இதற்குள் ஒருத்தி எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்…