ஒன்பதாவது கட்டம்

அந்தப் படிவத்தின் கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு கறை இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. நல்ல தாளை இப்படியா அழுக்காக்கி அனுப்புவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்பதாவது கட்டத்துக்குப் போனேன். இரண்டே சொல் இருந்தது. 'நல்லா இருக்கு.' போன மாதமும் அதே இரண்டு சொல். அதற்கு முந்தின மாதம் நாலு.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மனநல மருந்து எழுதினால், எங்கள் பிரிவின் முத்திரை இல்லாமல் எந்த மருந்துக்கடையும் அதைக் கொடுக்கக்கூடாது. மாதம் ஒரு படிவம். நோயின் பெயர், எழுதிய டாக்டர் கையெழுத்து, அதைச் சரிபார்த்த இன்னொரு டாக்டர் கையெழுத்து, பெற்றவர் கையெழுத்து, எடை, தூக்கம், பசி என்று எட்டுக் கட்டங்கள் பெரியவர்களுக்கு. ஒன்பதாவது மட்டும் குழந்தைக்கு. 'இந்த மருந்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்? உன் வார்த்தையில், உன் கையால் எழுது.' பத்தாவது எனக்கு, 'பரிசீலகர் குறிப்பு' என்று தலைப்புப் போட்டு. நான்கு வருஷமாக நான் அதில் 'குறிப்பு ஏதுமில்லை' என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தேன். அப்போது இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. வார்டு சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே மாத்திரை எழுதப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்பார்கள், கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். அந்த மாத்திரைகளைத் தண்ணீரோடு நீட்டிய கை இந்தக் கைதான். சட்டம் வந்து பிரிவு தொடங்கியபோது, முழங்கால் வலி என்று ஊருக்குக் காரணம் சொல்லிக்கொண்டு முதல் ஆளாக விண்ணப்பித்தேன்.

ஒன்பதாவது கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. 'ஓகே' என்று இருக்கும். 'கசக்குது' என்று இருக்கும். பதினாறு வயதுப் பையன் ஒருவன், 'இத எங்கப்பாவுக்குக் குடுங்க, வீடு உருப்படும்' என்று எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு அரை நாள் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்ல வாய் வந்தது, ஆனால் படிவத்தில் இருப்பதை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது விதி. சிரிப்பையும் தனியாகத்தான் சிரிக்க வேண்டியிருந்தது.

எறும்பு எனக்கு வந்தது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால். படிவத்தில் பெயர் இருக்காது, எண்ணும் வயதும் மட்டும்தான். பதினொரு வயதுப் பெண். தாய் கையெழுத்து போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு, தகப்பன் கையெழுத்து மட்டும். எழுத்து அவ்வளவு பொடி. கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறி, தாளைச் சுற்றி வரிசையாக ஊர்ந்து போயிருந்தது. அதனால் எறும்பு என்று நானே வைத்துக்கொண்டேன். 'எங்க வீட்லேர்ந்து ரோட்டுக்கு நாப்பத்திரெண்டு படி. அப்பா சட்டையில ஏழு பட்டன், ஒண்ணு மட்டும் வேற கலர். எதிர் ஜன்னல்ல பதினாறு கம்பி. மேல் வீட்டு மாமா நாலு தடவதான் இருமணும், அஞ்சாவது வந்தா எனக்கு வயித்த என்னமோ பண்ணும். படியில எண்ணிக்கை தப்பிட்டா மறுபடி மேல போய் மொதல்லேர்ந்து எறங்குவேன்.' இப்படிப் போகும். மருந்தைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம்.

அந்தப் படிவத்தை நான் கட்டின் அடியில் வைத்துவிடுவேன். மற்றதையெல்லாம் முடித்து, டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசியாக அதை எடுப்பேன். என் வீட்டில் மேஜைக்கு நாலு நாற்காலி, அதில் மூன்றின் மேல் துணி காய்கிறது. மகன் வெளிநாட்டில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பேசுவான். "நல்லா இருக்கேம்மா. நீ?" "நல்லா இருக்கேன்." "மருந்தெல்லாம் எடுத்துக்கிறியா?" "எடுத்துக்கிறேன்." ரெண்டு நிமிஷம் தாண்டாது. இந்தச் சிறுமி மட்டும்தான் தன் வீட்டுப் படியையும் சட்டைப் பட்டனையும் மாமாவின் இருமலையும் விடாமல் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு என்றுதான் அப்போது நினைத்தேன். முதல் கட்டத்தில் நோயின் பெயர் தெளிவாக எழுதியிருந்தது. அந்த எண்ணிக்கைதான் அவளுடைய நோய். இருபத்தாறு வருஷ நர்ஸுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரையின் அளவைக் கூட்டிய பிறகு எழுத்து குறையத் தொடங்கியது. ஓரங்கள் காலியாயின. பிறகு கட்டமே காலியாகி இரண்டு சொல்லில் வந்து நின்றது. வார்டில் பார்த்த கண்கள் என் ஞாபகத்துக்கு வந்தன. மருந்தைக் கொடுத்துப் பெண்ணை அமுக்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். கறை வேறு. கையைக் கழுவிவிடக்கூட ஆளில்லாத வீடு போலிருக்கிறது என்று தகப்பனையும் ஒரு பிடி பிடித்தேன், மனசுக்குள்.

முத்திரை குத்தாமல் படிவத்தைத் திருப்புவதற்குக் காரண எண் வேண்டும். டாக்டரிடம் விளக்கம் கேட்க நாலு. நாலு போட்டால் டாக்டர் எரிந்து விழுவார், தகப்பனைக் கூப்பிட்டுக் குடைவார். ஒன்பது போட்டால் அது குழந்தைக்கு மட்டும் போகும், 'இன்னும் கொஞ்சம் விரிவாக எழுது' என்று. மென்மையான வழி என்று ஒன்பதைப் போட்டேன். இதில் ஒன்றை நான் மறந்துவிட்டேன். வேறு எந்தக் காரணத்துக்குத் திருப்பினாலும் கடைக்காரர் பத்து நாளைக்கு மாத்திரை கொடுக்கலாம். ஒன்பதுக்குக் கிடையாது. குழந்தை தன் வாயால் சொல்லாதவரை ஒரு மாத்திரை கூடக் கொடுக்கக்கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. நல்ல சட்டம். இதற்காகவே கொண்டுவந்த சட்டம். நான்கு வருஷத்தில் யாரும் ஒன்பதைத் தொட்டதில்லை என்பதால் எனக்கு உறைக்கவில்லை. சும்மா மறந்தேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்த எண்ணைப் போட்டபோது எனக்கு மாத்திரை ஞாபகமே இல்லை. பெரிதாக ஒன்று எழுதி வரும் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வரவேற்பிலிருந்து ஒரு அழைப்பை எனக்கு மாற்றினார்கள். ஆண் குரல். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. படிவ எண்ணைச் சொன்னார். எனக்கு மனப்பாடமான எண்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க மேடம். எம்பொண்ணு என்ன தப்பா எழுதிட்டா, அத மட்டும் சொல்லுங்க. ஒரே கேள்வியா கேட்டுக்கிட்டே இருக்கா, எனக்கு பதில் சொல்லத் தெரியல."

"தப்பு ஒண்ணும் இல்லீங்க."

"ஒம்போது நாளாச்சு மாத்திர இல்லாம. கடையில தர மாட்டேங்கறாங்க. தல சுத்துதுங்கறா. திரும்ப எண்ண ஆரம்பிச்சுட்டா. நேத்து ஸ்கூலுக்குக் கெளம்பி படியிலயே பதினோரு மணி வரைக்கும் ஏறி எறங்கிட்டு இருந்தா. நான் வேலைக்குப் போகல."

"அந்தப் படிவத்த எழுதி அனுப்பிட்டா உடனே—"

"எழுதறா மேடம். எழுதி எழுதிக் கிழிச்சுப் போடறா. கணக்கு தப்பிடுச்சுங்கறா. நல்லாத்தான் இருந்தா. ரெண்டு மாசமா சாயங்காலமானா வீட்லயே இருக்க மாட்டா. சைக்கிள் கத்துக்கிட்டா. அந்தத் தாள எழுதறப்பகூட செயின் கழண்டுடுச்சுன்னு மாட்டிட்டிருந்தவளத்தான் கூப்பிட்டேன். கைய கூடத் தொடைக்காம ரெண்டு வார்த்த எழுதிட்டு ஓடிட்டா. நான்தான் ஒழுங்கா ஒக்காந்து எழுதச் சொல்லியிருக்கணும்."

அவரே கேட்டார். "இத யாரு மேடம் திருப்பினது? அவங்ககிட்ட ஒரு வார்த்த பேச முடியுமா?"

"நான்தாங்க."

திட்டுவார் என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "சரிங்க," என்றார். "எவ்வளவு எழுதணும்னு சொன்னீங்கன்னா அவகிட்ட சொல்லிடறேன்."

"ரெண்டு வார்த்த போதுங்க. இருக்கறத அப்படியே அனுப்புங்க. கிழிக்க விடாதீங்க."

பிரிவுத் தலைவரிடம் ஓடினேன். என் மகன் வயதுதான் அவருக்கு, என்னை இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். பழைய படிவத்தையே எடுத்துக்கொண்டு முத்திரை குத்திவிடலாமா என்று கேட்டேன்.

"ஒரு தடவ திருப்பிட்டா அது செத்த படிவம் சிஸ்டர். புதுசு வந்தாத்தான். நீங்க மட்டும் நாலு போட்டிருந்தீங்கன்னா..." கணினியைப் பார்த்தார். "எதுக்கு ஒம்போது போட்டீங்க?"

"ரொம்பச் சின்னதா எழுதியிருந்தா."

"சின்னதா எழுதினா என்ன?"

அவர் குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அவர் மேஜையில் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன். சரி, வந்ததும் முதல் வேலையாக முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

என் இடத்துக்கு வந்து, கோப்பில் இருந்த பழைய படிவத்தின் நகலை எடுத்தேன். நகலிலும் அந்தக் கறை விழுந்திருந்தது. கட்டைவிரல் ரேகை, பாதி வட்டம், சின்னஞ்சிறு கோடுகள். சைக்கிள் சங்கிலி எண்ணெய். இரண்டு வாரமாக நான் அழுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு குழந்தை அவசரமாக விளையாடப் போன அடையாளம். ஒன்றரை வருஷத்தில் அவள் எனக்கு அனுப்பியதிலேயே நல்ல சேதி அதுதான், அதைத்தான் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் பேசினான். "நல்லா இருக்கேம்மா," என்றான். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்த இடத்தில் வேறு ஏதாவது கேட்டு இழுத்துப் பிடிப்பேன். சாப்பாடு, குளிர், மேலதிகாரி என்று ஏதாவது. அன்று, "சரிப்பா, போய்ட்டு வா," என்று நானே வைத்தேன். வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாகத்தான் இருந்தது. துணியை மடித்து மூன்று நாற்காலிகளையும் காலி செய்தேன், வேறு வேலை இல்லாமல்.

செவ்வாய்க்கிழமை முதல் தபாலில் புதுப் படிவம் வந்தது. உறை தடிமனாக இருந்தது. ஒன்பதாவது கட்டம் நிறைந்து, ஓரமெல்லாம் நிறைந்து, பின்பக்கம் நிறைந்து, அதற்கும் பின்னால் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஆறு தாள்கள் குத்தியிருந்தன. அதே பொடி எழுத்து. குழந்தை எழுதியது முழுவதையும் படித்த பிறகே முத்திரை என்பது விதி. விதிக்காகத்தான் படித்தேன் என்று சொன்னால் பொய். முதல் தாளைப் படிக்கும்போது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பட்டன்கள் எட்டாகியிருந்தன, அப்பாவுக்குப் புதுச் சட்டை. எதிர் ஜன்னலில் ஒரு கம்பி துருப்பிடித்திருந்தது. மேல் வீட்டு மாமா ஊருக்குப் போய்விட்டார், இருமல் இல்லை, இருந்தும் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது தாளில் அடித்தல்கள் தொடங்கின. நாற்பத்தொன்று என்று எழுதி, அடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகளை முதலிலிருந்து வரிசையாக எழுதியிருந்தாள். முப்பத்தெட்டில் தப்பி மறுபடி ஒன்று. சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் முப்பத்தாறு, ஆனால் சக்கரம் சுற்றும்போது எண்ண முடியவில்லை, அதனால் ஏறுவதில்லை. ஐந்தாவது தாளில் பேனா அழுத்தித் தாள் கிழிந்திருந்தது. மாத்திரை இல்லாத நாட்களைக் கோடு போட்டு எண்ணியிருந்தாள், பன்னிரண்டு கோடு. கடைசித் தாளின் அடியில், இடம் விட்டு, மற்றதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருந்தது:

'இவ்ளோ போதுமா? போதலன்னா சொல்லுங்க, இன்னும் எண்ணி எழுதறேன்.'

டீ பக்கத்தில் இருந்தது. குடிக்கவில்லை. பதினோரு மணிக்குத் தபால் பை கட்டுவார்கள், அதற்குள் போனால் மாலைக்குள் கடைக்குச் சேர்ந்துவிடும். மை ஒற்றியில் முத்திரையை அழுத்தி, படிவத்தில் குத்தினேன். பிறகு பத்தாவது கட்டம், மாத்திரையோடு படிவம் வீட்டுக்குப் போகும்போது அவளும் பார்க்கப்போகிற கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளிடம் சொல்ல எனக்கு நிறைய இருந்தது, ஆறு தாளுக்கு இருந்தது. 'போதும்மா' என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகு பார்த்தால், கையில் ஒட்டியிருந்த முத்திரை மை கட்டத்தின் ஓரத்தில் பதிந்திருந்தது. கட்டைவிரல், பாதி வட்டம். இப்படி அழுக்கான படிவத்தை அனுப்பக்கூடாது, வேறு தாளில் மாற்றி எழுத வேண்டும் என்பது என் வழக்கம். மாற்றவில்லை. உறைக்குள் போட்டு ஒட்டி, பை கட்டுகிறவரின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.