மாத்திரைதான் போடுறாளே

ஏஞ்சலினிடம் எடுத்த ரத்தம் குழாயில் சிறிது நேரம் நின்றதும், மேலே தெளிய வேண்டிய நீர் பால்போல வெளுத்துக் கிடந்தது. ஐந்தாம் மாதம் அவளுக்கு. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை.

“இம்புட்டும் கொழுப்பு. ஆயிரத்தத் தாண்டிருச்சு. கணையம் வீங்குனா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து” என்றார் டாக்டரம்மா. வழக்கமான மாத்திரைகளைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயங்கினார். மீன் எண்ணெய் மாத்திரை எழுதினார். “இது மெதுவாத்தான் இறக்கும். சாப்பாட்டுல எண்ணெய், நெய், இனிப்பக் கட்டுப்படுத்தணும். அதுதான் முக்கியம்.”

அவள் கணவன் ராயப்பராஜ் திண்டுக்கல் நாகல் நகரில் இருந்த பாத்திரக்கடையை விட்டு வேளாவேளைக்கு வீட்டுக்கு ஓடினான். மாத்திரையை விழுங்கிவிட்டு மீன் நாற்றத்தில் அவள் ஏப்பம் விடும்போதெல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்தான். அடுத்த சோதனையில் கொழுப்பு எழுநூறுக்கு இறங்கியிருந்தது. இருவரும் அன்றுதான் சிரித்தார்கள்.

வளைகாப்பு முடிந்ததும் மாமியார் ரோஸ்மேரி மகளை வடமதுரைக்கு அழைத்துப்போனாள். அவன் தினமும் போன் செய்தான்.

“மாத்திர போடுறாளா அத்தை?”

“ஒருவேள கூட விடல மாப்ள.”

அது பொய்யில்லை. ஆனாலும் அவனுக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் வடமதுரைக்குப் பஸ் ஏறினான். போய் நின்றபோது ஏஞ்சலின் தட்டில் பொரித்த கறியும் நெய்ச்சோறும் இருந்தன. பக்கத்தில் அதிரசம்.

“அத்தை, என்ன இது?”

“வயித்துப் பிள்ளைக்குத் தெம்பு வேணாமா? கொழுப்பக் கொறைக்கத்தான் மாத்திர போடுறாளே!”

ஏஞ்சலின் தலை குனிந்தாள். “அம்மா ஆசையாக் குடுக்குது. வேணாம்னு சொல்ல முடியலங்க.”

அவன் தட்டை எடுத்து அப்பால் வைத்தான். மாமியார் முகம் சுருங்கியது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஏஞ்சலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

“முதுகுல குத்துதுங்க... காலையில இருந்தே.”

“காலையில இருந்தா? ஏன் சொல்லல?”

“நீங்க பயப்படுவீங்கன்னு...”

பக்கத்து வீட்டுக் காரில் திண்டுக்கல் போகும் வழியெல்லாம் அவள் வாந்தி எடுத்தாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஊர்ந்து கடந்தது. ராயப்பராஜ் அவள் வயிற்றில் கை வைத்து, உள்ளே ஓர் அசைவாவது தெரியாதா என்று காத்திருந்தான். ஒன்றும் தெரியவில்லை. முன் சீட்டில் ரோஸ்மேரி ஜெபமாலையைக்கூட எடுக்காமல் உறைந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் பிள்ளையின் துடிப்பைத் தேடினார்கள். வயிற்றின்மேல் கருவியை நகர்த்தி நகர்த்தி வைத்த நர்ஸ் கடைசியில் தலையசைத்தாள். “கேக்குது.”

அவன் சுவரில் சாய்ந்துவிட்டான்.

கணையம் வீங்கியிருந்தது. வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ரோஸ்மேரி டாக்டரம்மாவை மறித்தாள். “மாத்திர போட்டாளேம்மா, பெறகு ஏன்?”

“அந்த மாத்திர கொஞ்சம் இறக்கும்மா. நீங்க ஊத்துன நெய்ய அதால தாங்க முடியுமா?”

ரோஸ்மேரி வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளைத் திட்டத்தான் ராயப்பராஜ் வாயெடுத்தான். அவள் அழுவதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டான். டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தான்.

வலி மெல்ல மெல்ல அடங்கியது. ஏஞ்சலின் பிரசவம்வரை நாகல் நகர் வீட்டிலேயே இருந்தாள். நாள் நிறையுமுன்பே பிறந்த பெண் குழந்தை எடை குறைவென்றாலும் வீறிட்டு அழுதது. ரோஸ்மேரி பேத்தியைத் தூக்க வந்தாள். மருமகனிடம் கூசாமல் பழையபடி பேச அவளுக்கு இன்னும் பல மாதம் பிடித்தது.