பிடித்துக்கொள்ள ஒரு ஆள்

எனக்கு மருத்துவம் தெரியாது. பி.காம். படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவன். தொண்டு நிறுவனம் இந்த நாட்டுக்கு அனுப்பியபோது மருந்துப் பெட்டி தூக்கவும் வரிசையை ஒழுங்கு செய்யவும் என்றுதான் சொன்னார்கள். வந்த கொஞ்ச நாளில் ஊசி அறையில் குழந்தைகளைப் பிடிக்கிற ஆளாகிவிட்டேன்.

இங்கே ஒரு முறை உண்டு. தடுப்பூசி போடும்போது பெற்றவர்கள் குழந்தையைப் பிடிக்கக் கூடாது. கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். வேறு ஆள் மடியில் வைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். ஊசி இறங்கியதும் அம்மா ஓடி வந்து வாங்கிக்கொள்வாள்.

"அம்மா நல்லவளாவே இருக்கட்டும். கெட்ட பேரு உனக்கு," என்றார் நர்ஸ். அவர்கள் மொழி எனக்கு அரைகுறை. என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

அவரை முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். இங்கே டாக்டரையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அர்த்தம் கேட்டார், சொன்னேன். "எனக்கு இருக்கிற தம்பிங்க போதாதா?" என்றார். சீக்கிரமே டிரைவர் உட்பட எல்லோரும் அவரை அக்கா என்றார்கள். நான் பூச்சாண்டி. அந்த வார்த்தையையும் நானேதான் சொல்லிக்கொடுத்தேன்.

வேலை நன்றாக வந்தது. குழந்தை எவ்வளவு கத்தினாலும் என் கை தளராது. கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளைகள் உண்டு.

என் மகளும் ஒளிகிறாள். வீடியோ காலில்.

அவள் அம்மா காய்ச்சலில் போனாள். வீட்டிலிருந்து எடுக்கும்போது பாப்பா அம்மாவின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. யாராவது பிரிக்க வேண்டும். நான் பிரித்தேன். இடுப்போடு இறுக்கித் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கீழே என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணி, என் மனைவியின் அக்கா, வந்து அவளை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு பாப்பா என்னிடம் வரவில்லை. தொட்டால் விறைத்துக்கொள்வாள்.

ஊசி அறைக்கு வந்த பிறகு அது எனக்கு விளங்கியது. வலித்தபோது பிடித்திருந்தவன் நான். கண்ணில் படாமல் இருப்பதே அவளுக்கு நல்லது. இன்னும் ஒரு வருடம் இருக்க முடியுமா என்று நிறுவனத்தில் கேட்டிருந்தார்கள். சரி என்று சொல்வதாக இருந்தேன். அதற்கு முன் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

"ஆச்சு அண்ணி. பாப்பா?"

"போன் அடிச்சதும் ஓடிட்டா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்க."

"இவரைப் பெரியப்பான்னு கூப்பிடுவால்ல. இப்பல்லாம் அதுல 'பெரிய' விட்டுப்போச்சு."

போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இவருக்கு ஒரே கூச்சம். திருத்தவும் மனசு வரல. நீங்க இங்க வர்றதா இருந்தா திருத்தறோம். இல்லன்னா குழந்தையைப் போட்டுக் குழப்ப வேணாமே. யோசிச்சுச் சொல்லுங்க."

என் அறையில் ஒற்றைக் கட்டில்தான். அதிலும் சுவர்ப்பக்கம் இடம் விட்டே படுக்கிறேன். அது பாப்பாவின் பக்கம்.

மறுநாள் ஊசி போடுகிற நாள். ஒரு ஆள் சட்டையெல்லாம் சிமெண்டுடன், பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பாப்பா உயரம் இருப்பாள். அம்மா எங்கே என்று அக்கா கேட்டார். இல்லை என்றான்.

"சரி, இவர்கிட்ட குடுத்துட்டு வெளியில நில்லு."

"நானே பிடிச்சுக்கறேன்."

"அப்புறம் உன்கிட்ட வர மாட்டா. இவரைத் திட்டட்டும், இவருக்குப் பழக்கம்."

"வீட்டுல நாங்க ரெண்டே பேரு. என்கிட்ட வராம வேற எங்க போவா? திட்டினாலும் என்னையே திட்டட்டும்."

அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. ஊசி ஒழுங்காக இறங்கியது அக்காவின் சாமர்த்தியம். அவள் திமிறிக்கொண்டு அவன் கன்னத்தில் அறைந்தாள். "நீ வேணாம், போ" என்றாள். "சரிடா, சரிடா" என்று அவன் அடியையும் திட்டையும் வாங்கிக்கொண்டிருந்தான். என் கைகள் சும்மா தொங்கின.

வேறு யாராவது இருக்கிறார்களா என்று அவள் சுற்றிப் பார்த்தாள். அக்கா கையில் ஊசி. நான் பூச்சாண்டி. கதவருகில் யாரும் இல்லை. பிறகு, அடித்த கன்னத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வெளியே போகும்போதும் அவனைத் திட்டிக்கொண்டே போனாள். கழுத்தைக் கட்டிய கையை மட்டும் எடுக்கவில்லை.

"உன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டான்," என்றார் அக்கா.

"போடட்டும். நான் இங்க இன்னொரு வருஷம் இருக்கல அக்கா. ஊருக்குப் போறேன்."

"அங்க யாரு இருக்கா உனக்கு?"

இத்தனை நாள் நான் யாரிடமும் சொன்னதில்லை. "ஒரு பொண்ணு," என்றேன்.

அக்கா பஞ்சைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம், "அடுத்த குழந்தையைக் கூப்பிடு," என்றார்.

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். "வரேன் அண்ணி. அங்கயே இருந்துடறேன்."

"உங்களைப் பார்த்ததும் கத்துவா தம்பி. அடிச்சாலும் அடிப்பா."

"அடிக்கட்டும். அப்ப நீங்க வந்து வாங்கிக்காதீங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"எனக்குத் தாங்காதே," என்றார். பிறகு, "சரி. நான் சமையல்கட்டுல போய் நின்னுக்கறேன்."

"இப்ப எங்க இருக்கா?"

"கட்டிலுக்கு அடியில. குடுத்தாலும் பேச மாட்டா."

"பேச வேணாம். போனை அவ பக்கம் தள்ளி வைங்க."

தரையில் போன் உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு. சளி பிடித்திருக்கும் போலிருந்தது. நானும் பேசவில்லை. அவள் போனைத் தள்ளிவிடவில்லை. காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.