பத்து எண்ணும் வரை

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளத் தோன்றினால் நீட்டிக்கொள்ளுங்கள்; நாள் முழுக்க நின்ற கால்கள் அவை, எனக்கென்ன மரியாதைக் குறைவு? ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன். அவள் செய்யாத தப்புக்கு ஒரு காகிதத்தை நீட்டினார்கள், அவள் பேனாவைத் தொடவில்லை. கதை அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேனாவைத் தொடாமல் நிற்பதற்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைக் கேளுங்கள்.

அன்று காலையிலும் அவள் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷின் முன்னால்தான் நின்றிருந்தாள். வெட்டும் சூட்டைத் தணிக்கும் எண்ணெய்த் தண்ணீர் பால் நிறத்தில் வழிந்துகொண்டிருந்தது. அலுமினியச் சுருள்கள் துள்ளி விழுந்து அவள் செருப்பைச் சுற்றிக் குவிந்தன. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான பட்டை ஒன்றில், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நீளப் பள்ளமாகக் காடி வெட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத் தடுப்புக்கான பட்டை அது. தடுப்பு ஏறி இறங்குவது அந்தக் காடியில்தான். பட்டை ஒரு மயிரிழை வளைந்தாலும் தடுப்பு பாதியில் சிக்கிக்கொள்ளும். நோயாளி உருண்டு விழுவார்.

வெட்டி முடித்துப் பிடிப்பானைத் தளர்த்தினாள். "டிக்" என்று ஒரு சத்தம். பட்டையைத் தூக்கிச் சமதளக் கல்லின்மேல் வைத்து, நடுவில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிப் பார்த்தாள். தகடு தடையில்லாமல் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. வளைந்துவிட்டது. அன்றைக்கு அது மூன்றாவது.

பதினாறு வருஷமாக அதே வேலை. பக்கத்து மெஷின்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் "அளவு அக்கா". ரொட்டித் துண்டைக்கூட அளந்துதான் கடிப்பாள் என்று கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவளின் மேஜையில்தான் இப்போது வளைந்த பட்டைகள் குவிந்தன.

முன்பெல்லாம் இந்த மெஷின்கள் வேறு ஒரு கம்பெனியில் இருந்தன. ஊரின் அந்தக் கோடியில் பிரஸ். அங்கே அலுமினியக் கட்டியைச் சுடவைத்து, பற்பசையைப் பிதுக்குவது போல ஓர் அச்சின் வழியாக அழுத்தி நீளப் பட்டையாக எடுப்பார்கள். இந்தக் கோடியில் மெஷின்கள். நடுவில் லாரி. கட்டிய கயிறு பட்டையைக் கீறும், மழைத் தண்ணீர் கறை பிடிக்கும். பட்டை கோணல் என்று இங்கிருந்து கடிதம் போகும். நாங்கள் கொடுத்தது நேர், நீங்கள் வெட்டியது கோணல் என்று அங்கிருந்து பதில் வரும். இருவரும் சேர்ந்து லாரிக்காரரைத் திட்டுவார்கள். இப்படியே ஒரு மாதம் ஓடும். கோணல் மட்டும் அப்படியே இருக்கும்.

பிறகு பிரஸ் கம்பெனி இந்த மெஷின்களையும் ஆட்களையும் சேர்த்து வாங்கி, தன் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தது. நடுச்சுவரை இடித்து வாசல் வைத்தார்கள். அன்று அவளைவிட யாரும் சந்தோஷப்பட்டிருக்க முடியாது. பட்டையில் ஏதாவது சந்தேகம் வந்தால் வாசலைத் தாண்டிப் போய்க் கேட்டுவிடலாம் இல்லையா? அதுவும் அந்தப் பக்கம் பட்டைகளை இழுத்து நேராக்கும் வேலையில் இருந்தவன் அவளுடைய கொழுந்தன்தான். ஒரே வீட்டில் அவள் கீழே, அவன் மாடியில்.

வாங்க வருகிறவர்களிடம் மேனேஜர் கையை அகல விரித்துச் சொல்வார்: "ஒரே கூரைங்க. ஒரு ஆர்டர், ஒரு வண்டி, ஒரு பதில். நேத்து அழுத்தினது இன்னிக்குப் பெட்டியில."

ஆனால் கோணல் வந்தபோது அந்த ஒரு பதில் எங்கிருந்து வந்தது தெரியுமா? மெஷின்காரர்களிடமிருந்து. வெட்டுவதற்கு முன் பட்டை நேராக இருந்தது, வெட்டியபின் வளைந்தது, ஆகவே வெட்டியவர்தான் காரணம். "என் கவனக்குறைவால்" என்று தொடங்கும் ஒரு காகிதம் தயாராக அச்சடித்து வைத்திருந்தார்கள். நாலாம் மெஷின்காரி கையெழுத்துப் போட்டாள். ஒரு வாரத்தில் வேலை போயிற்று. ஆறாம் மெஷின்காரர் போட்டார்; அவரைப் பெட்டி கட்டும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது காகிதம் அளவு அக்காவிடம் வந்திருந்தது. நாளை மறுநாள் வாங்கும் கம்பெனியிலிருந்து சோதிக்க ஆள் வருகிறது, அதற்குள் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அவளும் வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் காகிதத்தை மடித்து எண்ணெய்த் துணிக்கு அடியில் வைத்தாள். அன்று முழுக்கப் பட்டைகளின் முனையைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் முனையிலும் கொழுந்தன் அன்றன்று இழுத்த வரிசைப்படி சாக்கட்டியால் எண் போட்டிருப்பான். இருபத்தெட்டு வளைந்தது. முப்பத்தைந்தும் வளைந்தது. நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தாறுவரை ஒன்றுகூட வளையவில்லை. நாற்பத்தேழு மறுபடியும் "டிக்" என்றது. முந்தின நாள் மிச்சத்தை எடுத்துப் பார்த்தாள். அதிலும் நடுவில் ஆறு பட்டைகள் மட்டும் நல்லவை.

மறுநாள் விடியற்காலை, குழாயடியில் குடத்தோடு நின்ற கொழுந்தனிடம் கேட்டாள்.

"தம்பி, நாற்பத்தொன்னுலேருந்து நாற்பத்தாறு வரைக்கும் என்ன பண்ணினே?"

அவன் யோசித்தான். எதையும் இழுத்து இழுத்துத்தான் சொல்வான். வேலைக்கேற்ற வாய் என்று வீட்டில் சிரிப்பார்கள்.

"ஒன்னும் பண்ணல அண்ணி. அதுங்க மேசையில கிடந்துச்சு. நான் சாப்பிடப் போயிட்டேன்."

அவள் தன் குடத்தைக் கீழே வைத்தாள். அவனும் சொல்லி முடித்தபிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று புரிந்துகொண்டவன் போல நின்றான்.

பிரஸ்ஸிலிருந்து வரும் பட்டை நெருப்பாகச் சுடும். காற்றாடிகளுக்குக் கீழே நீள மேசையில் நகர்ந்து நகர்ந்து ஆறி, ஒரு சிவப்புக் கோட்டைத் தாண்டியபின்தான் அதை இரண்டு முனையிலும் கவ்விப் பிடித்து இழுக்க வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இழுப்பவன் புறங்கையைப் பட்டையின் தடித்த பக்கத்தில் வைத்துப் பத்து எண்ணுவான். பத்துவரை கை தாங்கினால் இழுக்கலாம். தாங்காவிட்டால் காத்திருக்க வேண்டும். தடித்த பக்கம் சூடாகவும் மெல்லிய பக்கம் ஆறியும் இருக்கும்போது இழுத்தால், பட்டை பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். உள்ளுக்குள் மட்டும் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டே கிடக்கும். காடி வெட்டி ஒரு பக்கம் பிடி தளர்ந்ததும் அந்தக் கோபம் வெளியே வரும்.

இரண்டு மாதத்துக்கு முன், வேகம் போதவில்லை என்று மேனேஜர் அந்தச் சிவப்புக் கோட்டைச் சுரண்டிவிட்டு, பிரஸ்ஸுக்குக் கிட்டே பத்தடி முன்னால் புதிதாக வரையச் சொன்னார். அங்கே கை வைத்தால் நாலு எண்ணுவதற்குள் கையை எடுத்தாக வேண்டும்.

"இதச் சொன்னா காகிதம் உங்க பேருலேருந்து என் பேருக்கு மாறும் அண்ணி," என்றான் கொழுந்தன்.

"மாறும்தான். நானும் தொடல, நீயும் தொடாதே. அப்புறம் அது யாரு பேருக்குப் போவுதுன்னு பார்ப்போம்."

மாடிப்படியில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்த அவள் கணவர், இந்த வீட்டிலும் ஒரே கூரைதான், குழம்பு தீய்ந்தால் யார் கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். அவளுக்கும் கொழுந்தனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கொழுந்தனின் மனைவி சிரிக்கவில்லை. மாடியிலும் கீழேயும் சேர்த்து அந்த வீட்டில் நாலு குழந்தைகள் பள்ளிக்குப் போயின. ஒரே நாளில் இரண்டு சம்பளம் நின்றால் என்னவாகும் என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஈரத் துணியை மட்டும் வழக்கத்தைவிட ஓங்கி உதறினாள். அளவு அக்கா அதைப் பார்த்தாள். மறுமுனையைப் பிடித்துக் கொடியில் விரிக்க உதவினாள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, கனமான காலணி, சட்டைப் பையில் சொந்தமாக ஓர் அளவுகோல். மேனேஜர் அவளை மெஷின் பக்கம் அழைத்துவந்து, காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது, ஆளும் ஒப்புக்கொள்வார் என்று சொல்லி அளவு அக்காவைப் பார்த்தார். அவள் எண்ணெய்த் துணிக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தது.

பிறகு இரண்டு பட்டைகளை எடுத்தாள். முந்தின நாள் இழுத்து, தன் மெஷின் இன்னும் தொடாத பட்டைகள். சாப்பாட்டு நேரத்தில் மேசையில் ஆறிய ஒன்றில் எண் நாற்பத்திரண்டு, மற்றதில் ஐம்பது. இரண்டையும் கல்லின்மேல் வைத்து, மெல்லிய தகட்டை வந்தவளிடமே கொடுத்தாள். எதிலும் தகடு நுழையவில்லை. இரண்டும் நேர்.

"இனி நான் வெட்டல, ரம்பம் வெட்டட்டும்," என்றாள்.

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் பக்கத்தில் இருந்த மின்ரம்பத்தை ஓட்டிவிட்டாள். நாற்பத்திரண்டை நெடுக்குவாட்டில் நடுவே கிழித்தாள். முடிந்ததும் இரண்டு பாதிகளும் ஒட்டிவைத்தது போலப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. பிறகு ஐம்பது. ரம்பம் உள்ளே போகப் போக, வெட்டிய முனை மெல்லத் திறந்தது, பசித்த பறவையின் அலகு மாதிரி. கடைசி அங்குலம் அறுந்தபோது இரண்டு பாதிகளும் துள்ளி, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி வளைந்து கிடந்தன.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வந்த பெண் வளைந்த பாதியைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். இது எங்கே இழுக்கப்பட்டது என்று கேட்டாள். அளவு அக்கா வாசலைக் காட்டினாள். அந்தப் பெண் அடிகளை எண்ணியபடி நடந்தாள். முப்பது அடி. முன்பு ஒரு மாதம் கடிதம் எழுதியும் போய்ச் சேராத தூரம் அது.

அங்கே மேனேஜர் முந்திக்கொண்டார். இழுத்தது இவர்தான் என்று கொழுந்தனைக் காட்டி, காகிதம் இவரிடமே வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

கொழுந்தன் புறங்கையை நீட்டினான். விரல் முட்டிகளின்மேல் பழைய தழும்புகள், அவற்றுக்கு மேல் புதிதாக இரண்டு கொப்புளங்கள். அன்று அவன் வார்த்தைகள் இழுபடவில்லை.

"நான் பத்து எண்ணுற ஆளு. நாலுல இழுன்னு சொன்னது நீங்க. கோடு போட்டதும் நீங்க. கையெழுத்தும் நீங்களே போட்டுக்குங்க."

வந்த பெண் குனிந்து மேசையின் ஓரத்தைப் பார்த்தாள். புதுக் கோட்டுக்குப் பத்தடி தள்ளி, சுரண்டிய இடத்தில் பழைய சிவப்பு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அவள் தன் புறங்கையைப் புதுக் கோட்டருகே இருந்த பட்டையில் வைத்தாள். மூன்றில் எடுத்துவிட்டாள்.

பழைய கோட்டில் ஆறிய பட்டை மட்டும்தான் வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். மேனேஜர் தலையாட்டினார். அளவு அக்கா அங்கேயே நின்று, நாலாம், ஆறாம் மெஷின்காரர்கள் போட்ட கையெழுத்துகளைக் கிழிக்க வேண்டும் என்றாள். போட்டது போட்டதுதான் என்றார் அவர். அவள் மறுபடியும் கேட்டாள். மாலையில் அவளுக்கு வேறு ஒரு காகிதம் வந்தது. அனுமதியில்லாமல் ரம்பத்தை ஓட்டி இரண்டு பட்டைகளை வீணாக்கியதற்காக மூன்று நாள் வேலை கிடையாது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அதையும் அவள் வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று நாளும் அவள் வீட்டில் உட்காரவில்லை. ஷிப்ட் மணி அடிக்கும் நேரத்துக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு கம்பெனி கேட்டுக்கு வந்து, சுவரோரம் கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தாள். காவல்காரர் முதல் நாள் முறைத்தார். இரண்டாம் நாள் வெயிலுக்குத் தன் குடையைக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலை, வேலை போன நாலாம் மெஷின்காரி எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அளவு அக்கா தூக்கைத் திறந்து மூடியில் அவளுக்குப் பாதி வைத்தாள்.

அன்று பெரிய காரில் பட்டை வாங்கப் புது ஆட்கள் வந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே மேனேஜர் கையை அகல விரித்துப் பேசுவது வெளியிலிருந்து தெரிந்தது. அவருக்குப் பின்னால் விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டியில், பளபளவென்று துடைத்து, நாற்பத்திரண்டும் ஐம்பதும் இருந்தன. ஒன்று ஒட்டியபடி, ஒன்று விலகியபடி. கீழே தங்க எழுத்தில், "ஒரே கூரையின் தரம்: எங்கள் சோதனை முறை."

"அது நீ அறுத்ததுதானே அக்கா?" என்றாள் நாலாம் மெஷின்காரி.

அவள் பதில் சொல்வதற்குள் கொட்டகைக்குள்ளிருந்து குரல் கேட்டது. கொழுந்தன் புறங்கையை வைத்துவிட்டு உரக்க எண்ணினான். ஒன்னு. ரெண்டு. மூன்றுக்குப் பிரஸ் ஆட்கள் சேர்ந்தார்கள். ஐந்துக்கு இந்தப் பக்க மெஷின்காரர்கள். ஏழுக்குப் பெட்டி கட்டும் இடத்திலிருந்து ஆறாம் மெஷின்காரரின் கரகரத்த குரல். கண்ணாடிக்கு உள்ளே மேனேஜரின் விரித்த கை அப்படியே நின்றது. வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே, கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் எட்டு, ஒன்பது, பத்து என்று கூடவே எண்ணினார்கள்.

சரி, எழுந்திருங்கள், விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் நீங்கள். உங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே ஒருவர் பாரம் இன்னொருவர் தலையில் ஏறாமல் இருக்கட்டும். உழைத்த கையின் கொப்புளம் ஆறட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு காகிதம் வந்தால், பேனாவைத் தொடாமல் நிற்க உங்களுக்குத் தெம்பும், பக்கத்தில் வந்து உட்கார ஓர் ஆளும் கிடைக்கட்டும். நல்லா இருங்கள், கண்ணுகளா.