முடிந்த ஜன்னல்கள்

காலை பத்தேகாலுக்கு என் மெயில் பெட்டி வாயை மூடிக்கொண்டது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை, நான் அனுப்பியது எதுவும் வெளியே போகவில்லை. அவுட்பாக்ஸில் ஏழு மெயில்கள் வரிசையில் நின்றன. ஃபைல் அதன் முழு அளவை எட்டிவிட்டது, எதையாவது அழியுங்கள் என்று திரையில் ஒரு கட்டம். 'சரி' என்று அழுத்தினால் போய்விட்டு உடனே திரும்பி வந்தது, வேண்டாத விருந்தாளி மாதிரி.

நாங்கள் ஜன்னல் திரைகள் செய்கிறவர்கள். கீழே வெட்டுகிற மேஜைகள், தையல் மெஷின்கள். இரும்புப் படிக்கட்டு ஏறி வந்தால் மாடியில் நான். வாடிக்கையாளர்கள் ஜன்னலின் மேல் அளவு டேப்பை வைத்துப் படம் எடுத்து எனக்கு மெயிலில் அனுப்புவார்கள். பதினான்கு வருடமாக அனுப்புகிறார்கள். ஊரில் யார் வீட்டு ஜன்னல் கோணல், யார் வீட்டுக் கண்ணாடியில் விரிசல் என்று எனக்கு அத்துப்படி. முகம்தான் தெரியாது. அதுவும் சில படங்களில் கண்ணாடியில் நிழலாகத் தெரியும், கலைந்த தலையும் கையில் போனுமாக.

வழக்கமாக வரும் கம்ப்யூட்டர்காரர் விடுப்பில் இருந்தார். மறுநாள் காலை பிரசவ ஆஸ்பத்திரியின் நாற்பத்தாறு ஜன்னலுக்குத் துணி வெட்ட வேண்டும். 'போன தடவை அளவே' என்று சொல்லியிருந்தார்கள். போன தடவை அளவு அந்த ஃபைலுக்குள்தான் இருந்தது. என் சின்னவளிடம் போனில் புலம்பினேன்.

"அம்மா, அவரைக் கூப்பிடட்டுமா? அவருக்கும் கம்ப்யூட்டர் வேலைதானே. அவர் ஆபீஸ் அங்கேருந்து ரெண்டே ஸ்டாப்தான்."

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"உனக்கு அவர்கிட்ட என்னதான்மா குறை?"

குறை இல்லாததுதான் குறை. மூன்று முறை வீட்டுக்கு வந்துவிட்டான், சின்னவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் அந்தப் பையன். போட்டதைச் சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான், நாற்காலி நுனியில் நேராக உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாக அவனுடைய அப்பா அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர், "நீ பாத்துச் சொல்லு, எனக்குச் சம்மதம்" என்று கழன்றுகொண்டார். இருபத்தெட்டு வருடமாக எந்தப் பேச்சுக்கும் அவர் சொல்கிற பதில் அதுதான். நானோ மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நல்லது நடக்கும்போது எல்லாரும் நல்லவர்கள்தான். கைதவறிக் கண்ணாடி டம்ளர் உடைந்தால் இவன் யார் முகத்தைப் பார்ப்பான்? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதற்காக டம்ளரைக் கையில் கொடுத்துத் தட்டிவிடவா முடியும்?

பன்னிரண்டரைக்கு வந்தான். படியில் செருப்புச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. "வணக்கம் மேடம்" என்றான். வீட்டிலும் மேடம், இங்கேயும் மேடம். நானும் அவனைத் தம்பி என்பதோடு நிறுத்தி வைத்திருந்தேன்.

"இந்த புரோகிராம்ல மொத்த மெயிலும் ஒரே ஃபைல்ல இருக்கு மேடம். அது ஐம்பது ஜி.பி.க்கு மேல வளராது. கொஞ்சம் குறைச்சா ஓடிடும்."

"உங்களுக்கு எது தோதோ அப்படிச் செய்யுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, வெட்டுகிறவருக்கு விஷயத்தைச் சொல்லக் கீழே போனேன். அவர் சும்மா விடுவாரா, கத்தரிக்கோலைத் தீட்டவில்லை என்று ஒரு பாட்டம் புலம்பி முடித்த பிறகுதான் என்னால் மேலே வர முடிந்தது. பையன் முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சுது மேடம். முப்பத்தெட்டு ஜி.பி. வெறும் குப்பை. காலி பண்ணிட்டேன்."

அவுட்பாக்ஸில் இருந்த ஏழும் போயிருந்தன. நான் திரையின் இடது பக்கத்தைப் பார்த்தேன். டெலிட்டட் ஐட்டம்ஸ் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"தம்பி, என் ஜன்னலெல்லாம் எங்கே?"

விஷயம் இதுதான். ஒரு வேலை முடிந்தால் அந்த மெயிலை டெலிட் பட்டனால் ஒரு தட்டுத் தட்டுவேன். அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். வேறு இடத்துக்கு இழுத்துப் போடுவதென்றால் நாலு வேலை, இது ஒரே தட்டு. முடிந்த ஜன்னல்கள் அத்தனையும் பதினான்கு வருடமாக என் கண்ணுக்கு முன்னால் பத்திரமாக இருந்தன. குப்பையில் குடித்தனம் வைக்கிறவள் என்று ஆபீஸே என்னைக் கேலி செய்யும். பதிலுக்கு நானும் சிரித்துக்கொள்வேன்.

சொல்லி முடித்ததும் பையன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். சட்டென்று குனிந்து மேஜைக்கு அடியில் இருந்த நெட் ஒயரைப் பிடுங்கினான். அதே நேரம் முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, சரியாயிடுச்சா?"

எனக்கு வாயில் பொய் தயாராகிவிட்டது. ஃபைலே கெட்டுப்போயிருந்தது சார், பழசு கொஞ்சம் போய்விட்டது. மாப்பிள்ளையாகலாம் என்று வந்த பிள்ளை, ஊரார் முன்னால் தலைகுனிய வேண்டாமே என்று தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நானே முந்தியெழுந்தேன். ஆனால் எனக்கும் முன்னால் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"சார், பழைய அளவு எல்லாத்தையும் நான்தான் அழிச்சிட்டேன். இவங்களைக் கேட்காம அழிச்சேன். தப்பு என்னோடது."

முதலாளி என்னைப் பார்த்தார். பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். குரல் நடுங்கியது, ஆனால் வார்த்தையை விழுங்கவில்லை.

"திரும்ப வருமா?"

"நிறைய வரும் சார், எல்லாமும் வரும்னு சொல்ல முடியாது. அழிச்சாலும் ஃபைலுக்குள்ள அது அங்கேயேதான் இருக்கு, இடம் காலின்னு குறிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். புது மெயில் வந்து அந்த இடத்துல உக்காந்தா போயிடும். அதான் ஒயரைப் புடுங்கினேன். சாயந்தரம் வரைக்கும் மெயில் இருக்காது."

முதலாளி முகம் சிவந்தது. "சரி, பாருங்க" என்று கதவை அறைந்து சாத்தினார். பையன் தன் ஆபீசுக்குப் போன் போட்டான். வயிற்று வலி, அவசர வேலை என்று ஏதாவது சொல்வான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "சார், ஒரு இடத்துல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன், அதைச் சரி பண்ணிட்டுத்தான் வர முடியும். அரை நாள் லீவ் வேணும்" என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டான்.

பிறகு ஃபைலை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தான். அந்த நகலை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்தான். ஃபைல் உடைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் பழுதுபார்க்கிற புரோகிராம் உள்ளே இறங்கி மூலைமுடுக்கெல்லாம் தேடுமாம். நல்லாயிருக்கிறதைக் கெடுத்துத்தான் கெட்டுப்போனதை மீட்க வேண்டும் என்றால் இது என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை. டீ வாங்கி வந்து வைத்தேன். அது ஆறி ஆடை படிந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு வேகத்தில் ஊர்ந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருப்பது ஏனோ தெம்பாகவும் இருந்தது.

ஐந்தரைக்கு ஜன்னல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. தேதி முன்னும் பின்னும் குழம்பிக் கிடந்தது, சில மெயில்களில் எழுத்து இருந்தது, படத்தைக் காணோம். இருந்தாலும் மளமளவென்று வந்தன. ஆஸ்பத்திரி ஜன்னல் நாற்பத்தாறில் நாற்பத்து நாலு கிடைத்தது. "மீதி ரெண்டையும் காலைல போய் நானே அளந்துட்டு வந்து குடுத்துடறேன்" என்றான். வருடத்துக்கு ஒரு ஃபைலாகப் பிரித்து, 'முடிந்தவை' என்று ஒரு தனி இடம் உண்டாக்கினான். டெலிட் மாதிரியே ஒரே தட்டில் அங்கே போக வழியும் செய்து கொடுத்தான்.

அப்படிப் பிரித்துக்கொண்டிருந்தவன் ஒரு படத்தில் நின்றான். எங்கள் வீட்டு ஜன்னல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கே திரை தைக்க நான் எடுத்த படம். பதினொரு வயதில் என் சின்னவள், முன்பல் ஒன்று பாதி உடைந்த சிரிப்போடு, டேப்பின் ஒரு நுனியை ஜன்னல் மூலையில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இந்தப் பக்கம் யாரு பிடிச்சிருக்காங்க? படத்துல வரலையே" என்று கேட்டான்.

"நான்தான். ஒரு கையில டேப்பு, ஒரு கையில போனு."

மேலும் கொஞ்ச நேரம் பார்த்தான். படத்தைக் கேட்கவில்லை. 'முடிந்தவை'யில் போட்டுவிட்டு ஒயரைச் சொருகினான். தன் போனிலிருந்து எனக்கு 'சோதனை' என்று ஒரு மெயில் அனுப்பினான். டிங் என்று வந்து விழுந்தது.

"சரியாயிடுச்சு. வரேன் மேடம். மன்னிச்சுடுங்க" என்று பையை மாட்டிக்கொண்டு, முதலாளியிடமும் சொல்லிவிட்டுப் போக அவர் அறைக்குள் நுழைந்தான்.

அந்தச் சோதனை மெயிலுக்கே பதில் போட உட்கார்ந்தேன். முதலில் ஜன்னல் படத்தைச் சேர்த்தேன். கீழே, 'ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு வாங்க, மாப்பிள்ளை' என்று ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன். அவுட்பாக்ஸில் ஒன்று என்று நின்றது. கண் சிமிட்டுவதற்குள் அந்த ஒன்றும் போய்விட்டது.

இரும்புப் படிக்கட்டில் சீராக இறங்கிக்கொண்டிருந்த செருப்புச் சத்தம் பாதியில் நின்றது.