ஒரு கட்டு வைக்கோல்

பெரியசாமியின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர மறுத்தன. பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணியை அம்சவள்ளி சுற்றிச் சுற்றி இழுத்தாள். முடிச்சுப் போடுவதற்குள் வலது கால் மறுபடி வெளியே சாய்ந்தது. உயிரோடு இருந்த வரைக்கும் மருமகள் சொன்ன ஒன்றுக்கும் அவர் இணங்கியதில்லை. போன பிறகு மட்டும் இணங்கிவிடுவாரா?

"இழுத்துக் கட்டுடி. வெறைச்சிக்கினா அப்பறம் சேராது," என்றான் சீனுவாசன். அப்பாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு செல்போனில் உறவுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆமாங்க மாமா, விடிகாலைல. நெஞ்சப் புடிச்சிக்கினு ஒக்காந்தாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சி. இன்னிக்கே எடுத்துடறோம்."

அவள் இழுத்துக் கட்டினாள். அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. முந்தாநாள் அவர் சிரித்த சிரிப்புதான் நினைவுக்கு வந்தது.

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற வழியில் இருந்தது அந்த வீடு. பின்னால் கொஞ்சம் இடம் கிடந்தது. மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் பெரியசாமி விழுப்புரத்தில் ஏதோ ஒரு விவசாயக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, அங்கே முழுக்க வைக்கோல் பரப்பச் சொன்னார். உழ வேண்டாம், கொத்த வேண்டாம், களை எடுக்க வேண்டாம். முழங்கை ஆழத்துக்கு வைக்கோலைப் போட்டு மூடிவிட்டு, நாற்று வைக்கிற இடத்தில் மட்டும் விலக்கினால் போதும். அடியில் மண் ஈரமாகவே இருக்கும். வைக்கோல் மக்க மக்க அதுவே எரு. பொய்யில்லை. கத்தரியும் வெண்டையும் தக்காளியும் காய்த்துத் தள்ளின. பூசணி வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு இருதயமேரியின் கொல்லையில் போய்க் காய்த்தது.

"ஒரு கொத்து கொத்தினது இல்ல, ஒரு குடம் தண்ணி தூக்கினது இல்ல. சேர்ல ஒக்காந்துக்கினே வெள்ளாமை," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் வரைக்கும் அது உண்மைதான். ஊர் ஊராக அலைந்து வைக்கோல் கேட்டதும், வேனில் வந்து இறங்கியதைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்ததும், அரிப்பெடுத்த கழுத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அதைப் பரப்பியதும் அம்சவள்ளி. தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு வேடிக்கையும் உண்டு. "அம்சா, கைய உள்ள வுட்டு ஈரத்த எடுத்துக் காட்டு," என்பார். அவள் குனிந்து வைக்கோலுக்குள் கையை விட்டு ஒரு பிடி ஈரமண் எடுத்து நீட்ட வேண்டும். அவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டு அவரைப் பாராட்டுவார்கள்.

வைகாசி வெயிலில் அவ்வளவு குளிர்ச்சி கிடைத்தால் பாம்புக்குக் கசக்குமா? போன வாரம் கத்தரிச் செடி ஓரமாகக் கண்ணாடிவிரியன் ஒன்று வைக்கோலுக்குள் நுழைவதை அவள் பார்த்தாள். முதுகில் சங்கிலி போலப் புள்ளி. மாமனாரிடம் சொன்னாள். "வேலைக்கு ஒடம்பு வளையல, அதுக்கு ஒரு பாம்பு," என்றார். புருஷனிடம் சொன்னாள். அவன் டிவியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

முந்தாநாள் விழுப்புரத்திலிருந்து நாலைந்து பேர் தோட்டம் பார்க்க வந்திருந்தார்கள். ஈரம் காட்டச் சொன்னபோது அவள் குனியாமல் நின்றாள்.

"பாம்பு இருக்குது மாமா," என்றாள், தணிந்த குரலில்.

"பாத்தீங்களா? இதுங்கள வெச்சிக்கினு குடும்பம் நடத்த வேண்டிக்கீது. சோறு திங்கற கைக்கு மண்ணத் தொட வலிக்குது."

சீனுவாசன் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். தோளை அழுத்திக் குனிய வைத்து, கையை வைக்கோலுக்குள் சொருகினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரலில் ஈரமண்தான் பட்டது. வந்தவர்கள் சிரித்தார்கள். "பாம்பு எங்க, லீவுல போயிடிச்சா?" என்று கேட்டுவிட்டுப் பெரியசாமியும் இருமல் வரும்வரை சிரித்தார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவும் இல்லை.

வெயில் ஏறியதும் சுடுகாட்டில் வேலை செய்கிற பச்சைமுத்து வந்தார். சைக்கிளைத் தெருவில் சாய்த்துவிட்டுக் கொல்லைப் பக்கமாக வந்து வேலியோரம் நின்றார். வாசல் வழியாக அவரை யாரும் கூப்பிட்டதில்லை. இருதயமேரி பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த டீயை அம்சவள்ளி ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

"வெறகு, வரட்டி எல்லாம் சொல்லிட்டேங்க," என்றார் சீனுவாசனிடம். "வைக்கோலுதான் எங்கயும் கெடைக்கல. இப்பல்லாம் மிஷின்ல அறுக்கறாங்களா, தூளாயிப் பூடுது. மேல வைக்கோல் போட்டு சேறு பூசினாத்தான் ஒழுங்கா வேவும்."

"எதுக்கு வெளிய தேடிக்கினு? அப்பா போட்டதே கெடக்குதே." சீனுவாசன் தோட்டத்துப் பக்கம் கையைக் காட்டினான். "அவரு வைக்கோலு அவருக்கே ஒதவட்டும்."

"மேலாக்க காஞ்சிருக்கறது போதுங்க. வேலியோரம் கட்டி வெச்சிடுங்க, வந்து எடுத்துக்கறேன்." பச்சைமுத்து டம்ளரை வேலிப் படலில் செருகிவிட்டு அம்சவள்ளியைப் பார்த்தார். "நீ கைய வெக்காதம்மா. இந்த வெயிலுக்குப் பூச்சி பொட்டு அண்டியிருக்கும். கொம்பால தட்டிட்டு அள்ளச் சொல்லு."

அந்த வீட்டில் அவள் கையைப் பற்றி இதுவரை யாரும் கவலைப்பட்டதில்லை. அவருக்கு ஏதாவது பதில் சொல்ல நினைத்தாள். என்ன சொல்வதென்று தெரிவதற்குள் அவர் சைக்கிளை எடுத்துவிட்டார்.

வைக்கோலைக் கட்ட ஒரு பழைய புடவையை எடுத்துக்கொண்டு அவள் கொல்லைக்குப் போனாள். சீனுவாசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குள் அள்ள ஆரம்பித்திருந்தான்.

"ஏங்க, கொம்பால தட்டிட்டு அள்ளுங்க."

"சாவு வூட்லயும் ஒனக்குப் பாம்புதானா? த்தூ. பொடவைய விரிச்சிட்டு அப்பால நில்லு."

விரித்துவிட்டு அப்பால் நின்றாள். அவன் இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டான். கத்தரிச் செடி ஓரத்திலிருந்து அவன் வாரிய ஒரு பெரிய அள்ளலில், வைக்கோலுக்கு நடுவே தடியாக ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு உள்ளே இழுத்துக்கொண்டது. சங்கிலிப் புள்ளியை அவள் நன்றாகப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பித் தும்மிக்கொண்டிருந்தான். அந்த அள்ளலும் புடவைக்குப் போனது.

"இன்னாத்தப் பாத்துக்கினு நிக்கற?"

"ஒண்ணுமில்ல."

கடிக்கட்டும் என்று நினைத்தாள். முந்தாநாள் தன் மணிக்கட்டைப் பிடித்த அந்தக் கையையே கடிக்கட்டும். மனசுக்குள் தெளிவாக, சொல்லாகவே அது வந்தது, அதற்காக அவள் பயப்படவும் இல்லை. சீனுவாசன் புடவையின் நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்தான். முழங்காலால் அழுத்தி இன்னொரு முடிச்சுப் போட்டான். ஒன்றும் ஆகவில்லை. கட்டைத் தூக்கி வேலியோரம் போட்டுவிட்டு, வேட்டியில் ஒட்டியதைத் தட்டிக்கொண்டு உள்ளே போனான்.

பறை வந்தது, பூ வந்தது, பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிணத்துக்கு எண்ணெய் வைக்கப் பெண்கள் வரிசையாக நின்றபோது, கொல்லைக் கதவு வழியாக அம்சவள்ளி பார்த்தாள். பச்சைமுத்து கட்டைத் தூக்கி சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். சுடுகாட்டில் இதை அவிழ்க்கப் போவது புருஷன் இல்லை, இவர்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

வரிசையிலிருந்து விலகினாள்.

"எங்கம்மா போற? மருமவதான் மொதல்ல வெக்கணும்," என்று ஒரு கிழவி கையைப் பிடித்து இழுத்தாள்.

பாம்பு என்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் போட்டால் கேட்பார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். புருஷன் கட்டும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். சீனுவாசன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். பறைச் சத்தம் காதை அடைத்தது. யாரோ எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார்கள்; வாங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது வேலியோரம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. பாடை கட்டி முடிக்கிற வரைக்கும் இருந்தது, தூக்கி வாசலில் வைக்கிற வரைக்கும் இருந்தது. இருதயமேரியிடம் ரகசியமாகச் சொல்லியிருக்கலாம். யாரையாவது வண்டியில் அனுப்பியிருக்கலாம். பாம்பு வழியிலேயே நழுவிப் போயிருக்கும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பாடை தெருமுனை திரும்பும்போது மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமனாரிடம் இவ்வளவு பாசமா என்று எல்லோரும் பார்த்தார்கள்.

ஆம்பிளைகள் திரும்புவதற்குள் வீட்டைக் கழுவிவிட்டு, வாசலில் விளக்கும் ஒரு குடம் தண்ணீரும் வைத்தாள். வெயில் தாழ்ந்த பிறகு மொட்டைத் தலையோடு சீனுவாசன் வந்து நின்றான். ஒரு காலைக் கழுவினான்.

"பச்சமுத்துவக் கடிச்சிடிச்சி," என்றான்.

அவள் குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"கட்ட அவுத்து கைய வுட்டான். விரியன். கை தூண் மாதிரி வீங்கிப் போச்சி, வாயில ரத்தம். திண்டிவனத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லிட்டாங்க. விழுப்புரத்துக்கு ஏத்தி அனுப்பிக்கீறோம்."

செல்போன் அடித்தது. அவன் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு எடுத்தான். "ம். எங்க? ம்... சரி." பையில் போட்டுக்கொண்டான். "விக்கிரவாண்டி கூடத் தாண்டலையாம். போயிட்டான்."

இன்னொரு காலையும் கழுவினான்.

"நாந்தான அள்ளினேன், நாந்தான கட்டினேன்? எனக்கு ஒரு கீறல் இல்ல பாரு. எங்கப்பன் செஞ்ச புண்ணியம்." விளக்கைக் கும்பிட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ சொன்னது நெசந்தான்டி."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவரும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது.

"பசிக்குது. மேரியக்கா எதுனா குடுத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.

மீதித் தண்ணீரோடு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வைக்கோல் போன இடத்தில் மண் கறுப்பாகத் திறந்து கிடந்தது. ஒரு பகல் வெயிலுக்கே மேல்மண் வெடிக்க ஆரம்பித்திருந்தது. கத்தரி இலைகள் தொங்கிவிட்டிருந்தன. வேலிப் படலில் செருகிய டம்ளர் அப்படியே இருந்தது. அடியில் தங்கிய டீயை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

குடத்தைச் சாய்த்தாள். மண் சத்தத்தோடு உறிஞ்சிக்கொண்டது. அது போதாது. அவள் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.