செல்வமேரி முகம் காட்ட மறுத்த நாள்

கன்னியம்மாவின் இடது கண் போனது வேலை செய்த இடத்தில்தான். அஸ்தினாபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாளாக இருந்தபோது, வெள்ளையடிக்கக் கரைத்து வைத்திருந்த சுண்ணாம்பு வாளி மேலிருந்து சரிந்து முகத்தில் கொட்டியது. இமை ஒட்டிப்போனது. அதிலிருந்து கறுப்புக் கண்ணாடி போடாமல் அவர் வாசலைத் தாண்டியதில்லை.

வயதானபின் கட்டுமானத் தொழிலாளர் ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. இந்த வருடம் விதியை மாற்றினார்கள். உயிரோடு இருப்பதைச் செல்போன் செயலியில் முகம் காட்டி நிரூபிக்க வேண்டுமாம். இரண்டு கண்களையும் சிமிட்டச் சொன்னது செயலி. கன்னியம்மாவால் முடியவில்லை. சரிபார்ப்பு தோற்றதாகப் பதிவாகி, அவர் பணம் உடனே நின்றுபோனது.

நேரில் பார்த்துச் சரிபார்க்கும் பழைய முறையும் தொடர வேண்டும் என்று கட்டுமானத் தொழிலாளர் சங்கம் மனு மேல் மனு கொடுத்தது. பதில் இல்லை. தாம்பரத்தில் ஓய்வூதியம் தரும் வாரிய அலுவலகத்தின் முன் தர்ணா என்று முடிவானது. சங்கச் செயலாளர் அப்துல் ரசாக், டைல்ஸ் பதிப்பவர், ராஜகீழ்ப்பாக்கத்தில் கன்னியம்மாவின் வீட்டுக்கு வந்தார். கன்னியம்மாவோடு பல வருடம் மண் சுமந்த செல்வமேரியும் கூட வந்தாள்.

"அக்கா, மேடையில வந்து கண்ணாடிய கழட்டி நின்னா போதும். டிவிகாரங்க எடுப்பாங்க. அப்பதான் இவங்களுக்கு ஒறைக்கும்."

"என் புருஷனுக்கே சரியா காட்டுனதில்ல ரசாக்கு. ஊருக்குக் காட்டணுமா?"

ரசாக் தரையைப் பார்த்தார். "கேட்டது தப்புதான்க்கா," என்றார்.

"வுடு. வேற இன்னா செய்யலாம்னு பாப்போம்," என்றாள் செல்வமேரி.

தர்ணாவுக்குக் கன்னியம்மா வந்தார், பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மதியத்துக்குச் சற்று முன் அதிகாரி வெளியே வந்தார். மோசமான மனிதர் இல்லை; வியர்த்துக் களைத்திருந்தார்.

"ரூல் மேல இருந்து வந்தது, என் கையில இல்ல. இன்னிக்குத்தான் கடைசி நாள். முகம் காட்ட முடிஞ்சவங்க உள்ள வாங்க, முடிச்சுத் தரேன். இல்லன்னா உங்களுக்கும் நின்னுடும்."

கூட்டம் கலங்கியது. பலர் எழுந்து வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதலில் இருந்தவள் செல்வமேரி. வீட்டு வாடகைக்கு அவள் நம்பியிருந்தது அந்தப் பணத்தைத்தான். ஊழியர் செல்போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் ஒரு கையால் முகத்தை மறைத்து, மறுகையால் பின்வரிசையில் இருந்த கன்னியம்மாவைக் காட்டினாள்.

"அவள நேர்ல பாத்து எழுதிக்கோங்க சார். அப்புறம் நான் காட்டுறேன்."

"ஏம்மா, உனக்கு இன்னா பிரச்சினை?"

"எனக்கு ஒண்ணுமில்ல. அவளுக்கு கீது."

எழுந்தவர்களில் பலர் திரும்பி உட்கார்ந்தார்கள். சிலர் உள்ளே போனார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கன்னியம்மா செல்வமேரியிடம் வந்து, "எனக்காக நீ ஏன்டி கெடுத்துக்கற, போய்க் காட்டு," என்று கெஞ்சினார். செல்வமேரி நகரவில்லை.

வெயில் இறங்கும்வரை அதிகாரி யார் யாரிடமோ போனில் பேசினார். கடைசியில், இந்த அலுவலகத்தில் மட்டும், செயலியில் முகம் காட்ட முடியாதவர்களை நேரில் சரிபார்க்கலாம் என்று அனுமதி வந்தது.

கன்னியம்மாவை ஓர் அறைக்கு அழைத்துப்போனார்கள். வினிதா என்ற ஊழியர் கதவைச் சாத்தினார். கன்னியம்மா கொஞ்சம் தயங்கி, தானே கண்ணாடியைக் கழற்றினார். வினிதா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இப்பவும் வலிக்குதாம்மா?"

"காத்து பட்டா எரியும்."

ஓய்வூதிய அட்டையிலிருந்த படத்தையும் அவர் முகத்தையும் ஒத்துப்பார்த்து, வினிதா பதிவு செய்தார். வெளியே வந்த கன்னியம்மா, செல்வமேரியின் கையைப் பிடித்து அழுதார். அவர் அழுது செல்வமேரி பார்த்ததே இல்லை.

"சரி, வுடு. நான் போய் சிமிட்டிட்டு வரேன்," என்று அவள் உள்ளே ஓடினாள்.

விதி மாறவில்லை. மற்ற ஊர்களில் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த போராட்டம் சென்னையில், அரசின் பெரிய அலுவலகங்கள் இருக்கும் சேப்பாக்கத்தில் என்று ரசாக் அறிவித்தபோது, வேனில் தனக்கும் ஓர் இடம் வைக்கச் சொன்னார் கன்னியம்மா.